அளவு நாடா ஒன்றுதான். அளவு ஏன் இரண்டு?

வியாசர்பாடியிலே ஒரு வீடு. வீடு என்றா சொன்னோம்? நாலு சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு, அவ்வளவுதான்! துறைமுகத்திலே மூட்டை சுமந்த தந்தை விட்டுச் சென்ற இடம். மகனுக்குத் திருமணம் கூடி வருகிறது. மாடியிலே ஓர் அறை வேண்டும். சீட்டுப் பணத்தை எடுத்து, இல்லாளின் காதிலே கிடந்ததை அடகுக் கடையிலே வைத்து, தகட்டைக் கழற்றித் தளம் போட முனைகிறார் ஒரு தோழர். ஜல்லியும் மணலும் வந்து இறங்கிய மறுநாள் காலை, வாசலிலே வந்து நிற்கிறார் ஒருவர். கையிலே அளவு நாடா!

"அனுமதி வாங்கினாயா? வரைபடம் எங்கே? பட்டா எங்கே? பின்பக்கம் விட வேண்டிய இடைவெளி எங்கே?"

விடை கூற முடியாமல் விழிக்கிறார் தோழர். ஆண்டாண்டுக் காலமாக வீட்டு வரி கட்டிய ரசீது இருக்கிறது. மின்சார அட்டை இருக்கிறது. வாக்காளர் அட்டை இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை. வேலை நிற்கிறது. ஜல்லி தெருவிலே கிடக்கிறது. வட்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது!

ஒரு தோழரின் பெயரை மனத்திலே வைத்து நாம் இதை எழுதவில்லை. பெயர் சொல்லத் தொடங்கினால் இந்தப் பத்தி போதாது, பத்திரிகையே போதாது. பெரம்பூரிலே, புளியந்தோப்பிலே, தண்டையார்பேட்டையிலே, தெருவுக்கு ஒருவர் உண்டு.

அதே அளவு நாடா தியாகராய நகருக்குப் போகட்டும், பார்ப்போம். உஸ்மான் சாலையிலே, ரங்கநாதன் தெருவிலே, மாடிமேல் மாடி வைத்து எழும்பிய வணிக மாளிகைகள். அனுமதி பெற்ற மாடி எத்தனை, எழும்பிய மாடி எத்தனை? வண்டி நிறுத்த விட்ட இடம் எங்கே, கிடங்காக மாறிய இடம் எங்கே? தீயணைக்கும் வண்டி சுற்றி வர விட்ட வழி எங்கே? கேட்க வேண்டிய நாடா அங்கே ஆண்டுக்கணக்கிலே சுருண்டு கிடந்தது. சட்டைப் பைக்குள்ளே சுகமாக உறங்கிற்று!

ஒரே ஊர். ஒரே சட்டம். ஒரே நாடா. ஆனால் அளவு மட்டும் இரண்டு! இது ஏன் என்றுதான் நாம் கேட்கிறோம்.

'அப்படியானால் சட்டமே வேண்டாம் என்கிறீர்களா? அவரவர் விருப்பம்போல் கட்டிக் கொள்ளட்டும் என்கிறீர்களா?' என்று நம்மை மடக்குவோர் உண்டு. இல்லை, ஐயா, இல்லை! சட்டம் வேண்டும் என்பவர்கள் நாம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி ஏன் விடச் சொல்கிறார்கள்? காற்று வர, வெளிச்சம் வர, தீப்பிடித்தால் ஏணி வைக்க. மாடிக்கு அளவு ஏன்? அதைத் தாங்கும் மண் வேண்டும், அங்கே வாழ்பவருக்குத் தண்ணீர் வேண்டும், கழிவு போகக் குழாய் வேண்டும் என்பதற்காக. இடைவெளியை விழுங்கிய மாளிகையிலே முதலிலே மூச்சுத் திணறுபவன் முதலாளியல்ல. அங்கே நின்றபடியே வேலை செய்யும் தொழிலாளி.

2008 செப்டம்பரிலே ரங்கநாதன் தெருக் கடையொன்றிலே தீப்பிடித்தது. மாண்டவர்கள் இருவர். இருவரும் அங்கே வேலை செய்த ஊழியர்கள். 2017 மே 31-ஆம் நாள் உஸ்மான் சாலையிலே ஏழு மாடித் துணிக்கடை தீப்பற்றி, ஒரு நாளுக்கு மேலாக எரிந்து, சுவர் சரிந்து, பிறகு அடியோடு இடிக்கப்பட்டது. ஊரே நின்று வேடிக்கை பார்த்த அந்தப் புகையிலே நமக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான்: விதி என்பது காகிதத்தில் எழுதிய எழுத்தல்ல, உயிர் காக்கும் வேலி. ஆகவே விதி வேண்டும். எல்லோருக்கும் வேண்டும். ஒரே அளவிலே வேண்டும்.

நகரமைப்பு நமக்குப் புதிதா? புகாரிலே மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் பகுதி பிரித்து, இரண்டுக்கும் நடுவே நாளங்காடி வைத்து வாழ்ந்ததைச் சிலம்பு கூறுகிறது. மருவூர்ப்பாக்கத்திலே யார் இருந்தார்கள்? தச்சர், கொல்லர், குயவர், மீன் விற்போர், உப்பு விற்போர், நெசவாளர். உழைக்கும் மக்களுக்குப் பட்டினத்துக்குள்ளே, கடலுக்கும் கடைத்தெருவுக்கும் அருகிலேயே இடம் இருந்தது. மதுரையிலே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் இன்றும் நிற்கின்றன. திட்டமிட்டு ஊர் அமைத்தவர் வழிவந்தவர்கள் நாம். திட்டத்தைக் கண்டு அஞ்சவில்லை. திட்டத்திலே நமக்கு இடம் இல்லாமற் போவதைக் கண்டுதான் கொதிக்கிறோம்.

இன்றைய சட்டத்தின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் 1920-லேயே வந்தது. அதற்குப் பதிலாக 1971-லே தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் பிறந்தது. 1972-லே அமைக்கப்பட்ட பெருநகர வளர்ச்சிக் குழுமம், 1974-லே சட்டத் தகுதி பெற்றது. 1975-லே முதற் பெருந்திட்டம். 2008 செப்டம்பரிலே இரண்டாவது பெருந்திட்டம், 1,189 சதுரக் கிலோமீட்டர் பரப்புக்கு, 2026-ஆம் ஆண்டை எல்லையாக வைத்து. எந்த நிலம் குடியிருக்க, எது கடை வைக்க, எது ஆலைக்கு, எது வயலுக்கு, எது ஏரிக்கு என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் விதி எழுதி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. மறுக்கவில்லை.

ஆனால், எழுதிய விதி காக்கப்பட்டதா? இல்லை! மீறியவர்கள் பெருகினார்கள். பெருகியதும் என்ன செய்தார்கள்? மீறலை நிறுத்தினார்களா? மீறலுக்கு விலை வைத்தார்கள்! 1998-லே அந்தச் சட்டத்தோடு 113-ஏ என்று ஒரு பிரிவு ஒட்டப்பட்டது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதியை மீறிக் கட்டியவர் பணம் கட்டினால், மீறல் 'வரன்முறை' ஆகிவிடும். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒரே ஒரு முறை என்ற அளவிலே 2000-லே அந்தப் பிரிவு ஏற்கப்பட்டது. ஒரு முறையோடு நின்றார்களா? நாளை நீட்டினார்கள், மீண்டும் நீட்டினார்கள். 2006-லே சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஓய்ந்தார்களா? 2012-லே 113-சி என்று புதுப் பிரிவு வந்தது. இம்முறை 2007 ஜூலை 1-க்கு முன் எழும்பிய கட்டடங்களுக்கு!

ஆட்சிகள் மாறின, பிரிவின் எழுத்து மாறியது, பழக்கம் மாறவில்லை. யார் நாற்காலியிலே இருந்தபோது என்று கணக்குப் பார்த்து இதிலே நாம் கோபத்தைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. தவறு யார் செய்தாலும் தவறுதான்.

இந்த வரன்முறையால் சின்ன வீட்டுக்காரன் பயன்பெறவில்லையா என்பார்கள். ஓர் அடி இடைவெளி குறைந்துபோன ஏழைக்கு மன்னிப்புத் தருவதை யார் எதிர்ப்பார்? அவனுக்குக் கட்டணமின்றியே தரலாம்! நான்கு மாடி கூடுதலாக எழுப்பியவனையும் அவனோடு ஒரே வரிசையிலே நிறுத்தி, ஏழையை முன்னால் காட்டி, பின்னாலே பெரியவனைத் தப்பவிடுவதைத்தான் எதிர்க்கிறோம்.

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே!

2011 அக்டோபர் 31. நீதிமன்றம் நெருக்கியதன் பேரிலே, ரங்கநாதன் தெருவிலும் அதைச் சுற்றியும் விதி மீறிய வணிகக் கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். என்ன பரபரப்பு! என்ன கூக்குரல்! தீபாவளி முடிந்து பொங்கல் வருவதற்குள், 2012 ஜனவரியிலே, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு கதவுகள் திறந்தன. அதே ஆண்டிலே 113-சியும் வந்தது. கடைகள் நின்றன, நிற்கின்றன.

2022 மே. ராஜா அண்ணாமலைபுரம், கோவிந்தசாமி நகர். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் வீடுகள். இங்கும் நீதிமன்ற உத்தரவுதான். ஆனால் இங்கே வந்தது சீலும் அரக்கும் அல்ல, இடிக்கும் எந்திரம்! பிள்ளைகள் தேர்வு எழுதும் காலம் என்று கதறினார்கள் தாய்மார்கள். அந்தக் கொடுமையைக் காணச் சகியாமல் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார்.

அங்கும் மீறல், இங்கும் மீறல் என்றார்கள். அங்கே கட்டடத்துக்கேற்பச் சட்டம் வளைந்தது. இங்கே சட்டத்துக்கேற்ப வீடு தரைமட்டமாயிற்று. கடைக்காரருக்குப் பிரிவு எழுதத் தெரிந்த பேனாவுக்கு, குடிசைக்காரருக்கு ஒரு பிரிவு எழுத மை இல்லையா?

'கால்வாயிலே, ஏரியிலே குடியிருந்தால் வெள்ளம் வராதா? அகற்றத்தானே வேண்டும்?' என்பார்கள். கேள்வி நியாயமானது. நீர்வழி காக்கப்பட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலே முதலிலே மூழ்கியவன் ஏழைதான். அவனுக்குத்தான் அந்த அருமை அதிகம் தெரியும். ஆனால் நீர்வழியை அடைத்தவர் யார் என்பதற்கு முழுக் கணக்குக் காட்டுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்திலே ஐயாயிரம் ஹெக்டேருக்குக் குறையாமல் பரந்திருந்தது என்பர். அது சுருங்கிச் சுருங்கிப் பத்திலொரு பங்களவுக்கு வந்ததே, அதை விழுங்கியது ஓலைக் குடிசையா? அகலச் சாலைகள், கண்ணாடி மாளிகைகள், கல்விக்கூடங்கள், மாநகரத்தின் பெருங்குடிக் குப்பைமேடு, எல்லாம் சேர்ந்து விழுங்கின. 2022-லே உலக அளவிலே காக்கப்பட வேண்டிய ராம்சார் ஈரநிலம் என்ற தகுதி அதற்குக் கிடைத்தது. மகிழ்கிறோம். மிச்சத்தையாவது காப்போம்!

இன்னும் கேளுங்கள். கூவம் கரையிலிருந்தும் கால்வாய்க் கரையிலிருந்தும் 'வெள்ள ஆபத்து' என்று கூறி அகற்றிய மக்களை எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதே சதுப்பு நிலத்தின் ஓரத்துத் தாழ்ந்த பூமி! மழை வந்தால் செம்மஞ்சேரித் தெருக்களிலே முழங்காலளவு தண்ணீர். ஆற்றங்கரையிலே வெள்ளம் என்று சொல்லி ஏரிக்கரையிலே குடிவைத்த விந்தையை எந்த நாட்டிலே காண்பது?

சிந்தாதிரிப்பேட்டையிலே மீன் விற்றவள், மயிலாப்பூரிலே வீட்டு வேலை செய்தவள், பாரிமுனையிலே பாரவண்டி இழுத்தவன், ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போடப்பட்டார்கள். விடியுமுன் வேலைக்கு வந்து சேர வேண்டும். பேருந்துக்கே கூலியிலே ஒரு பங்கு போயிற்று. கண்ணகி நகரிலே மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். நீதி கேட்டு மன்னன் அவையிலே சிலம்பெடுத்து நின்றவளின் பெயரை அந்த இடத்துக்கு யார் வைத்தார்களோ, மிகப் பொருத்தமாகத்தான் வைத்தார்கள்!

வடக்கே பாருங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கத்தை அபாயத் தொழில்களுக்கென வரைபடத்திலே ஒதுக்கினார்கள். ஆலை வேண்டும், வேலை தருகிறது, வேண்டாம் என்று தொழிலாளி சொல்லமாட்டான். ஆனால் ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அந்தப் பகுதி மக்களிடம் யார் கேட்டார்கள்? 2023 டிசம்பர் வெள்ளத்திலே எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் வீட்டுச் சுவர்களிலே கறை எழுதிப் போயிற்று. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவு அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். வரைபடத்திலே வண்ணம் தீட்டுகிறவரின் மேசைக்கும் எண்ணூருக்கும் தொலைவு அதிகம்!

அனுமதி இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மௌலிவாக்கத்திலே பதினொரு மாடிக் கட்டடம் சீட்டுக்கட்டுபோல் சரிந்தது. வாரக் கூலி வாங்கக் காத்திருந்த தொழிலாளர்களும் அடியிலே சிக்கினார்கள். மாண்டவர் 61 பேர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் பலர், நம்மவரும் உண்டு. அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது! காகிதம் சரியாக இருந்தது. அடியிலே இருந்த மண்ணையும் மேலே எழும்பிய தூணையும் எந்த நாடா அளந்தது? வியாசர்பாடியிலே ஓர் அடி இடைவெளிக்காக வாசலிலே நிற்கிற கண்கள், அங்கே பதினொரு மாடி எழும்பும்வரை எங்கே போயின?

இப்போது விதிகள் மாறி வருகின்றன. 2019-லே தமிழ்நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. தளப்பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து இரண்டாயிற்று. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையிலே, எல்லா மாடிகளையும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது, 4,800 சதுர அடியாயிற்று. உயரமான கட்டடங்களுக்கு இரண்டரையாக இருந்தது மூன்றேகாலாயிற்று. அதற்கு மேலும் வேண்டுமா? சாலையின் அகலத்துக்கேற்பப் பணம் கட்டி வாங்கிக் கொள்ளலாம். அகலச் சாலை யார் வீட்டு முன்னால் இருக்கிறது? இரண்டு சைக்கிள் ஒதுங்கிப் போக முடியாத நம் சந்துகளுக்கு இந்தச் சலுகை எட்டிக்கூடப் பார்க்காது.

2024 ஜூலையிலே சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையிலே, 3,500 சதுர அடி வரை, தரையும் ஒரு மாடியுமாக வீடு கட்டுகிறவர் இணையத்திலே விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, மேசைக்கு மேசை நகர்த்தும் வேலை குறைந்தது. வரவேற்கிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். நல்லது செய்தால் நல்லது என்று கூற நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் வியாசர்பாடித் தோழர் அந்த வாசலிலே நுழைய முடியுமா? பட்டா கேட்கும், அங்கீகாரம் பெற்ற மனை கேட்கும். புறம்போக்கிலே இரண்டு தலைமுறையாக வாழ்பவனுக்கு, வாரியம் தந்த மனைக்குத் தவணை முடித்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராதவனுக்கு, உடனடி அனுமதி என்பது எட்டாத உயரத்திலே தொங்கும் உறி. கதவைத் திறந்தவர்கள் அதற்குச் செல்லும் படியையும் கட்ட வேண்டும் என்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது நான்கு.

நீரோட்டத்துக்கு இடையூறில்லாத இடத்திலே நீண்டகாலமாக வாழ்பவருக்குப் பட்டா வழங்குங்கள்; பட்டா கிடைத்ததும் சுயசான்று முறை அவர்களுக்கும் திறக்கும்.

அகற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே, நகரத்துக்குள்ளேயே வீடு கொடுங்கள். வீடு கொடுத்த பிறகு அகற்றுங்கள்.

பெருங்கட்டடங்களின் மீறலுக்குக் கட்டணம் வாங்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வையுங்கள். மீறிய மாடி இடியட்டும், கண்மூடியிருந்த அதிகாரியும் கணக்குச் சொல்லட்டும்.

அனுமதி பெற்ற கட்டடம் ஒவ்வொன்றின் முன்னாலும், எத்தனை மாடி, எவ்வளவு இடைவெளி, என்ன பயன்பாடு என்று, தெருவிலே போகிறவன் நின்று படிக்கும் அளவுக்குத் தமிழிலே பலகை வையுங்கள்.

இவ்வளவும் கோட்டையைப் பார்த்துக் கூறியது. நம்மைப் பார்த்தும் சிறிது கூறிக்கொள்ள வேண்டும். தெருவிலே ஜல்லி இறங்கினால், அளவு நாடாவுக்கு முன்னதாக வந்து நிற்கும் கரை வேட்டியும் உண்டு. 'என்னைப் பார்த்தாயா? வட்டத்தைப் பார்த்தாயா?' என்று கேட்கும் குரலும் உண்டு. எந்தக் கரையாக இருந்தாலும் அது கறைதான்! ஏழை கட்டும் ஓர் அறையிலே ஒரு செங்கல் விலையைப் பறிப்பவன், பொதுவாழ்விலே ஓர் அங்குல இடத்துக்கும் தகுதியற்றவன். அவனுக்கு வக்காலத்து வாங்க இந்தப் பத்தியிலே ஒரு வரியும் இல்லை. நம் கை சுத்தமாக இருந்தால்தான் பிறர் கையிலுள்ள நாடாவைப் பிடித்து நிறுத்த முடியும்.

இப்போது வேலைக்கு வருவோம். 2026-லிருந்து 2046 வரைக்குமான மூன்றாவது பெருந்திட்டத்துக்கான பணி 2022-லேயே தொடங்கிவிட்டது. பெருநகரின் எல்லையை 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்கவும் அதே 2022-லே அரசு ஆணை வந்தது. முன்பிருந்ததைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு! எத்தனை ஏரி, எத்தனை வயல், எத்தனை ஊர் இந்தக் கோட்டுக்குள்ளே வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இன்று பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளை எங்கே குடியிருக்கும், எங்கே வேலைக்குப் போகும், என்ன தண்ணீர் குடிக்கும் என்பதை அந்த வரைபடம் முடிவு செய்யும்.

வரைவு வெளியானதும் மக்களின் ஆட்சேபனையையும் ஆலோசனையையும் எழுத்திலே கேட்க வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதத்திலே மாளிகைக்காரரின் வக்கீல் எழுதுவார். மனை வணிகரின் பொறியாளர் எழுதுவார். ஆலை முதலாளி எழுதுவார். ஆலையிலே வேலை செய்பவன் எழுதினானா? சந்திலே குடியிருப்பவள் எழுதினாளா? எழுதாமல் இருந்துவிட்டு, இருபதாண்டுக்குப் பிறகு இடிக்கும் எந்திரத்தின் முன்னால் நின்று கதறுவதிலே பயனென்ன?

படிப்பகம் தோறும் அந்த வரைபடத்தை விரித்து வைப்போம். நம் தெரு எந்த வண்ணத்திலே இருக்கிறது, நம் ஏரி ஏரியாகவே காட்டப்பட்டிருக்கிறதா, நம் விளையாட்டுத் திடல் யார் பெயருக்கு மாறியிருக்கிறது என்று விரல் வைத்துப் படிப்போம். பத்தாம் வகுப்புப் படித்த தம்பி ஒருவன் போதும், தெருவுக்கே படித்துச் சொல்ல. தேநீர்க் கடையிலே பேசுவோம். ஆலை வாயிலிலே பேசுவோம். பேசியதைத் தாளிலே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்போம், கொடுத்ததற்கு ரசீது வாங்குவோம். நூறு முழக்கம் செய்யாததை, முறையாகக் கொடுத்த ஒரு மனு செய்த நாளும் உண்டு.

இந்த நகரத்தின் ஒவ்வொரு செங்கல்லும் நம் தோளிலே ஏறி, நம் கையாலே அடுக்கப்பட்டது. கொத்தனார் நம்மவர், சித்தாள் நம் சகோதரி, கம்பி வளைத்தவர் நம் அண்ணன். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன் தன் பிள்ளைக்கு ஓர் அறை கட்டும்போது குற்றவாளியாக நிற்பதா?

நாடாவை நீட்டுங்கள், ஐயா, நாம் தடுக்கவில்லை! வியாசர்பாடியிலே நீட்டிய அதே நாடாவை, அதே நீளத்திலே, உஸ்மான் சாலையிலும் நீட்டுங்கள். அதன் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். மறுமுனையைப் பிடிக்க நாங்கள் வருகிறோம்!